அன்னைக்குக் காட்டிய அரிக்கமேடு

புதுச்சேரி நகருக்குத் தெற்கே ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆறு கடலை நோக்கி வளைந்து செல்லும் இடத்தில், மாவும் தென்னையும் அடர்ந்த ஒரு மேட்டுநிலம் உண்டு. அதற்கு அரிக்கமேடு என்று பெயர். ஆற்றுநீர் கரையை ஓயாது அரித்துச் செல்வதால் இப்பெயர் வந்தது என்பர் சிலர். அருகன்மேடு என்பதே அவ்வாறு திரிந்தது என்பர் வேறு சிலர். வில்லியனூரை ஒட்டி ஓடிவரும் சங்கராபரணியின் கிளையே அரியாங்குப்பம் ஆறு. ஆகவே வில்லியனூர் வயல்களைக் கடந்து வரும் நீரும் இந்த மேட்டின் அடியைத் தடவிக்கொண்டுதான் கடலில் கலக்கின்றது.

சற்றேறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இம்மேடு ஆரவாரம் மிக்க ஒரு துறைமுகப் பட்டினமாக விளங்கியது. செங்கடலிலிருந்து இந்தியாவரை உள்ள துறைகளை வரிசைப்படுத்திக் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்புளூஸ்' என்னும் பழைய நூல் தமிழகத்தின் கீழைக் கடற்கரையில் பொதுகே என்னும் துறையைக் குறிப்பிடுகின்றது. தாலமி என்ற நிலநூலாசிரியரும் அப்பெயரைக் கூறுகின்றார். அந்தப் பொதுகே அரிக்கமேடே என்பது அறிஞர் பலரின் கருத்து.

இவ்வளவு பெருமை வாய்ந்த இடத்தைக் காணச் செல்வோர் பெரும்பாலும் ஏமாற்றத்துடனேயே திரும்புகின்றனர். மாமல்லபுரத்தைப்போல் கற்றேர் இல்லை. தஞ்சையைப்போல் வானளாவிய விமானம் இல்லை. மரநிழலும், மணலும், கூரையில்லாத ஒரு செங்கற்சுவருமே கண்ணிற் படுகின்றன. அகழ்ந்து கண்ட பழங்கட்டடங்கள் மீண்டும் மண்ணால் மூடப்பட்டுவிட்டன. மூடுவது புறக்கணிப்பு ஆகாது. வெயிலும் மழையும் தாக்காமல் பழஞ்சுவர்களைக் காப்பதற்கு மண்ணைவிட நல்ல போர்வை இல்லை.

அரிக்கமேட்டின் கதை செங்கல் திருட்டில் தொடங்குகின்றது என்று கூறினால் மிகையாகாது. வீராம்பட்டினத்தருகே ஊர்மக்கள் பழைய செங்கற்களைத் தோண்டி எடுத்துச் செல்கின்றனர் என்று 1734ஆம் ஆண்டிலேயே புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் கம்பெனிக்கு எழுதப்பட்டது. பின்னர் லெ ழான்தீ என்னும் பிரெஞ்சு வானநூலறிஞர் இங்கு வந்தார். வெள்ளிக்கோள் கதிரவனைக் கடப்பதைக் காண்பதற்காகவே அவர் கடல்கடந்து வந்து புதுச்சேரியிற் காத்திருந்தார். 1769ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்த நாள் வந்தபோது மேகம் மறைத்துவிட்டது. வானத்தில் தேடியது கிட்டவில்லை. ஆனால் நிலத்தில் ஒன்று கிட்டியது. ஆற்றங்கரையில் மக்கள் பெரிய பெரிய செங்கற்களைச் சேகரிப்பதைக் கண்டு, அதனை அவர் எழுதி வைத்தார். அவை பழைய அரசன் ஒருவனுடைய கோட்டைச் செங்கற்கள் என்று ஊரார் கூறினராம்.

அதன்பின் நெடுங்காலம் எவரும் அக்கறை கொள்ளவில்லை. புதுச்சேரிக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ழூவோ துப்ராய் என்பார், 1937ஆம் ஆண்டில் இப்பகுதிச் சிறுவர்களிடமிருந்து மணிகளையும் கற்களையும் விலைக்கு வாங்கினார். அவற்றுள் ஒன்றில் மனிதத் தலை ஒன்று செதுக்கப்பட்டிருந்தது. அது உரோமப் பேரரசன் அகஸ்டஸின் தலை என்று அவர் கருதினார். மழை பெய்து ஓய்ந்ததும் மேட்டில் ஓடி மணி பொறுக்கிய அச்சிறுவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. எனினும் அரிக்கமேட்டை உலகறியச் செய்ததில் அவர்களுக்கும் பங்குண்டு.

1945ஆம் ஆண்டில், அந்நாளில் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராயிருந்த மார்ட்டிமர் வீலர் முறைப்படி அகழ்வு நடத்தினார். இத்தாலி நாட்டு அரெஸ்ஸோ நகரத்து வகையைச் சேர்ந்த செந்நிறப் பளபளப்பான மட்கலங்களின் ஓடுகளும், மதுவும் ஒலிவ எண்ணெயும் கொண்டுவந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த துண்டுகளும், தமிழ் எழுத்துகள் கீறப்பட்ட பானையோடுகளும், பண்டகசாலை என்று கருதத்தக்க நீண்ட கட்டடத்தின் அடித்தளமும், துணிக்குச் சாயம் தோய்த்தவை எனக் கருதப்பட்ட தொட்டிகளும் வெளிப்பட்டன. 1947 முதல் 1950 வரை கசால் என்னும் பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையாரும் அகழ்ந்தனர். பெக்லி அம்மையாரின் குழுவில் சென்னைப் பல்கலைக்கழகத்தாரும் பங்கு கொண்டனர். உரோமரின் வணிகம் வருவதற்கு முன்னரே இங்கு மக்கள் குடியிருந்தனர் என்பதும், அவ்வணிகம் குறைந்த பின்னரும் ஊர் அழிந்துவிடவில்லை என்பதும் பிற்கால ஆய்வுகளால் தெளிவாயின.

பாகூரைச் சேர்ந்த மாணவி ஒருத்தி கோடை விடுமுறையில் அரிக்கமேட்டையும், புதுச்சேரி அருங்காட்சியகத்தையும் கண்டு வந்தாள் என்று கொள்வோம். தமையனுடைய கைப்பேசியால் அறுபது நிழற்படங்களுக்குமேல் எடுத்தாள். பாகூர் நெல் விளையும் ஊர். அவளுடைய தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்பவள். தந்தை ஏரிப் பாசனத்தில் சிறிது நிலம் பயிரிடுபவர். வேலை ஓய்ந்த மாதங்களில் கிணறு வெட்டவும் தூர் வாரவும் போவார். இருவரும் அரிக்கமேட்டைக் கண்டதில்லை. ஒரு நாள் கூலியை விட்டு இடிந்த சுவரைப் பார்க்கச் செல்வார் யார்?

மாலையில் திண்ணையில் அமர்ந்து மகள் படங்களைக் காட்டினாள். விரலால் விரைந்து தள்ளித் தள்ளிக் காட்டியதால் அறுபது படங்களும் ஐந்து நிமிடத்தில் ஓடி மறைந்தன. பாதிக்கு மேற்பட்ட படங்களில் அவளும் தோழியருமே முன்னே நின்றனர். பின்னால் இருந்த சுவர் அவர்கள் தோள்களுக்கிடையே கையகலம் தெரிந்தது. தாய் சொன்னது ஒன்றே: "வெயிலில் இப்படிக் கறுத்துப் போனாயே அம்மா, தலையில் ஒரு துணி போட்டுக்கொள்ளக் கூடாதா?"

தாயின் கண் மகளைத்தான் முதலில் காணும். பயணம் சென்று திரும்பிய பிள்ளையின் படத்தில் பெற்றோர் தேடுவது பிள்ளையின் நலத்தையே. அது தீர்ந்த பின்னரே சுவருக்கும் கல்லுக்கும் இடம் உண்டு. இதனை உணராமல், "அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது" என்று பிள்ளைகள் கைப்பேசியை மூடிவிடுகின்றனர். அந்தச் சொல்லில் நியாயம் இல்லை.

இந்த மாணவி அவ்வாறு செய்யவில்லை. கடையில் கொடுத்துப் பன்னிரண்டு படங்களை மட்டும் தாளிற் பதிப்பித்து வந்தாள். சிறு திரையில் தெளிவாகக் காண இயலாத தாயின் கண்ணுக்குத் தாளில் இருந்தது தெரிந்தது. ஒவ்வொரு படமாகக் கையில் வாங்கி, விளக்கின் பக்கம் திருப்பிப் பார்க்கவும் முடிந்தது.

முதற்படம் மரங்களுக்கிடையே நின்ற உயர்ந்த செங்கற்சுவர். "இது உரோமர் கட்டியது, இரண்டாயிரம் ஆண்டாக நிற்கிறது அப்பா" என்றாள் மகள். தந்தை படத்தை வாங்கிச் சிறிதுநேரம் உற்றுப் பார்த்தார். "இரண்டாயிரம் ஆண்டு மழைக்கு, கூரையில்லாத சுவர் இவ்வளவு உயரம் நிற்குமா? செங்கல்லுக்காக ஊரே தோண்டியது என்கிறாய். இதை மட்டும் ஏன் விட்டார்கள்?" என்று கேட்டார்.

அவர் ஐயம் மிகச் சரியானது. நிலத்துக்குமேல் நிற்கும் அந்தச் சுவர் உரோமர் காலத்ததன்று. 18ஆம் நூற்றாண்டில் அங்குத் தங்கியிருந்த பிரெஞ்சுப் பாதிரிமாரின் இல்லத்தின் எச்சம். அரிக்கமேட்டுக்குச் செல்வோரிற் பலர் இதனையே பழம்பட்டினம் என்று எண்ணிப் படமெடுத்து மகிழ்கின்றனர். நிழற்படம் பொய் சொல்வதில்லை என்பது உண்மையே. ஆனால் அது வாய் திறந்து எதையும் சொல்வதுமில்லை. சுவரின் வயதைப் படம் எழுதிக் காட்டாது. எடுத்தவர் தவறாகக் கூறினால் படமும் அத்தவற்றுக்குச் சான்றாக நின்றுவிடும்.

"உரோமர் கட்டியது" என்ற சொல்லிலும் ஒரு பிழை உண்டு. உரோமரின் பொருள் வந்த இடமெல்லாம் உரோமரின் ஊர் ஆகிவிடாது. மணி செய்தவரும், சாடியைத் தோளிற் சுமந்து கரையேற்றியவரும், பானையோட்டில் தம் பெயரைத் தமிழ் எழுத்தால் கீறியவரும் இந்நாட்டு மக்களே. உட்புறத்தில் வட்டவட்டமாகப் புள்ளிவரிகள் ஓடும் ஒருவகை மெல்லிய மட்கலத்தை மேலைநாட்டது என்று வீலர் கருதினார். பின்னர் அதன் மண்ணை ஆராய்ந்தபோது, அது இந்திய மண்ணிலேயே செய்யப்பட்டது என்பது விளங்கிற்று. பேரறிஞர் கருத்தும் புதிய சான்று வந்தால் மாறும்.

அடுத்த படம், அகழ்வைப் பற்றிய நூல் ஒன்றிலிருந்து அவள் எடுத்தது. சுடுமண் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மண்ணுக்குள் இறங்கியிருந்தன. அது இன்னதென்று மகளுக்குத் தெரியவில்லை. தந்தைக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. "உறைகிணறு அம்மா இது" என்றார். மணற்பாங்கான நிலத்தில் வெறுங்கிணறு வெட்டினால் பக்கச் சுவர் சரிந்து மூடிவிடும். ஆதலால் முதலில் ஓர் உறையைத் தரையில் வைத்து, அதனுள் இறங்கி மண்ணை அள்ளுவர். அடிமண் குறையக் குறைய உறை தன் எடையாலேயே கீழே இறங்கும். அதன்மேல் இன்னோர் உறையை வைப்பர், அதுவும் இறங்கும். நீர் ஊறும் வரையில் இவ்வாறே செல்வர். இப்போது உறை சிமெண்டினால் ஆனது. அன்று சுட்ட மண்ணினால் ஆனது. இறக்கும் முறை ஒன்றே. அகழ்வாய்வு நூல் நான்கு சொற்களில் கடந்து சென்றதை, அவர் கையால் காற்றில் வட்டமிட்டு அரைமணி நேரம் விளக்கினார். தந்தை செய்யும் தொழில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்பதை மகள் அன்றுதான் அறிந்தாள். தந்தையும் அன்றுதான் அறிந்தார்.

அருங்காட்சியகத்து மணிகளின் படம் தாயை ஈர்த்தது. கடுகினும் சற்றே பெரியனவாகச் சிவப்பும் பச்சையும் நீலமுமாக அவை குவிந்திருந்தன. "இவ்வளவு சின்ன மணியில் ஓட்டை எப்படிப் போட்டார்கள்?" என்று அவள் கேட்டாள். நூல் கோக்கப் பழகிய கையே இவ்வினாவைக் கேட்கும். கண்ணாடி மணிக்குத் துளை இடுவதே இல்லை. உருகிய கண்ணாடியை உட்புழையுடன் நீண்ட குழலாக இழுத்து, ஆறியபின் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, கூர்முனை மழுங்குமாறு மீண்டும் சூடேற்றுவர். துளை முதலிலேயே அமைந்துவிடுகின்றது. கல்மணிக்கோ துளையிட்டே ஆகவேண்டும். பாதி துளையிட்டு உடைந்த மணிகளும், மெருகேறாத மணிகளும், கண்ணாடிக் கழிவும் அரிக்கமேட்டில் கிடைத்தமையால், இவை வேறிடத்திலிருந்து வாங்கியவை அல்ல, அங்கேயே செய்யப்பட்டவை என்பது உறுதியாயிற்று. கண்ணாடியைக் குழலாக இழுத்து மணி செய்யும் அம்முறை ஆந்திர நாட்டுப் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம்வரை வழங்கி வந்துள்ளது.

பின்னர் ஆற்றங்கரை மண்ணில் துருத்தி நின்ற ஒரு செங்கல்லின் படம் வந்தது. "எவ்வளவு பெரிய கல் இது?" என்று தந்தை கேட்டார். மகள் இரு கைகளையும் விரித்துக் காட்டினாள், உடனே சிறிது குறைத்தாள், மீண்டும் விரித்தாள். படத்தில் செங்கல் மட்டுமே இருந்தது. அருகில் ஒரு காலடியேனும், ஓர் எழுதுகோலேனும், ஒரு நாணயமேனும் இருந்திருந்தால் அந்த ஐயம் எழுந்திராது.

அகழ்வாய்வாளர் இக்குறையை நன்கு அறிந்தவர்கள். வீலர் எடுப்பித்த படங்களில் அளவு குறித்த வரிக்கோல் ஒன்று குழியின் ஓரத்தில் நிற்பதைக் காணலாம். சில படங்களில் ஓர் ஆளும் நிற்பார்; அவர் அழகுக்காக நிற்பவர் அல்லர், அளவுக்காக நிற்பவர். 1954ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் நிழற்படம் எடுக்கும் முறைக்கென்றே ஓர் இயலை அவர் ஒதுக்கினார். மண்வெட்டியால் ஒருமுறை வெட்டிய இடத்தை மீண்டும் அவ்வாறே வைக்க முடியாது. அகழ்வு முடிந்தபின் எஞ்சுவது குறிப்பேடும் வரைபடமும் நிழற்படமுமே. ஆகவே அவற்றில் குறை நேர்ந்தால் பின்னர்த் திருத்த வழியில்லை. பள்ளி மாணவர் சுற்றுலாவில் வரிக்கோல் சுமந்து செல்ல வேண்டுவதில்லை. தோழி ஒருத்தியைச் சுவரை மறைக்காமல் சுவரின் ஓரத்தில் நிற்கச் செய்தால், தாய் தேடும் முகமும் கிடைக்கும். தந்தை தேடும் அளவும் கிடைக்கும்.

படங்களெல்லாம் தீர்ந்தபின் தாய் ஒரு வினா எழுப்பினாள். "நம்மூர் மூலநாதர் கோயிலை ஏன் நீ படம் எடுக்கவில்லை? அது பழையது இல்லையா?"

பாகூர் மூலநாதர் கோயில் சோழர் காலத்துக் கற்றளி. அதன் அடிப்பகுதியில் விரலளவும் சாணளவுமாகச் செதுக்கப்பட்ட நடன உருவங்கள் கலைவல்லோரால் பாராட்டப்பெறுபவை. நாள்தோறும் அவ்வழியே பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் அவற்றைக் குனிந்து பார்ப்பதில்லை. அருகில் இருப்பதன் குறை அது. என்றும் காணலாம் என்ற எண்ணமே என்றும் காணாமற் செய்துவிடுகின்றது. பாகூரில் கிடைத்த செப்பேடுகள் இதனினும் வியப்பானவை. 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் என்னும் பல்லவ வேந்தனுடைய எட்டாம் ஆட்சியாண்டில், பாகூரிலிருந்த வித்தியாதானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்ட செய்தியை, அவை வடமொழியிலும் தமிழிலும் கூறுகின்றன. அவ்வூர்களின் வருவாய் அக்கல்விச்சாலையில் கற்பிப்போருக்கும் கற்போருக்கும் பயன்பட்டது. அந்தக் கல்விச்சாலையின் ஒரு கல்லேனும் இன்று அடையாளம் காட்டுவதற்கு இல்லை. படமெடுக்கச் சிதைவுகூட எஞ்சாத இடங்களும் உண்டு. அங்கே எழுத்தொன்றே நமக்குத் துணை.

மறுநாட் காலையில் தாயும் மகளுமாகக் கோயிலுக்குச் சென்றனர். இம்முறை தாயே இடங்களைக் காட்டினாள்; மகள் எடுத்தாள். காலை வெயில் சாய்ந்து விழும் பக்கத்தில்தான் செதுக்கலின் மேடும் பள்ளமும் நிழலோடு நன்கு தெரிந்தன. உச்சிப்பொழுதில் எடுத்திருந்தால் எல்லாம் தட்டையாய்த் தோன்றியிருக்கும். வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு படத்தின் பின்னும் ஊர், கோயில், சுவரின் திசை, நாள் என்பவற்றை மகள் எழுதினாள். "இதெல்லாம் எதற்கு? நமக்குத் தெரியாதா?" என்றாள் தாய்.

இதற்கு விடை புதுச்சேரியிலேயே இருக்கின்றது. 1955ஆம் ஆண்டில் அங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அந்நிறுவனத்தார் தமிழகத்திலும் தென்னாட்டின் பிற பகுதிகளிலும் ஊர் ஊராகச் சென்று கோயில்களையும் திருமேனிகளையும் படமெடுத்தனர். சாலையில்லாத சிற்றூர்களுக்கும், பூசை நின்றுபோன கோயில்களுக்கும் சென்றனர். அவ்வாறு சேர்ந்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் ஊரும் கோயிலும் குறித்து வைக்கப்பட்டன. கலை வரலாறு எழுதுவோர்க்கு உதவும் என்பதே அன்றைய நோக்கம்.

ஆண்டுகள் பல கழிந்தன. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்த சோழர்காலச் செப்புத் திருமேனியான நடராசர் களவு போயிற்று; கடல்கடந்து ஆஸ்திரேலியத் தலைநகரின் கலைக்கூடத்தில் போய் நின்றது. விருத்தாசலம் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிலையும் அந்நாட்டுச் சிட்னி நகரக் கலைக்கூடத்தில் இருந்தது. இவை எங்கள் ஊர்ச் சிலைகள் என்று வாயாற் சொன்னால் எந்தக் கலைக்கூடமும் ஏற்காது. அச்சிலைகள் கோயிலில் இருந்தபோது எடுக்கப்பட்ட நிழற்படங்கள் புதுச்சேரி நிறுவனத்தில் இருந்தன. படத்திலிருந்த சிறு சிறு தேய்வுகளும் அடையாளங்களும் அங்கிருந்த சிலைகளோடு ஒத்திருந்தன. 2014ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஆஸ்திரேலியப் பிரதமர் தில்லிக்கு வந்தபோது இரண்டு திருமேனிகளும் திரும்ப ஒப்படைக்கப்பட்டன.

மகள் இக்கதையைச் சொல்லி முடித்ததும், தாய் அடுக்கிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். "இதன் பின்னால் நாள் எழுத மறந்துவிட்டாய், பார்" என்றாள்.